ஒரே நிரல், மூன்று ஆயுள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. அன்றோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. மறுநாள் காலையிலும் அந்தக் கணினிகள் எப்போதும்போலத் திறந்தன. கடிதம் தட்டச்சு செய்ய முடிந்தது, கணக்கு எழுத முடிந்தது, பிள்ளைகள் பாடம் பார்க்க முடிந்தது. எந்தப் பாகத்திலும் பழுதில்லை. ஆனால் கடைக்குக் கொண்டுபோனால், "சார், இது லெவன் எடுக்காது, புதுசா ஒண்ணு பாத்துக்கோங்க" என்கிறார்கள். அதில் பொய்யில்லை. விண்டோஸ் 11 நிறுவ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். செயலியும் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் செயலி என்றால், சில விலக்குகள் போக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோதான் தேறும். 2017இல் ஏழாம் தலைமுறைச் செயலியோடு நல்ல விலை கொடுத்து வாங்கிய கணினி அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

இதே விண்டோஸ் 10க்கு இன்னும் சில எடிஷன்கள் இருக்கின்றன, அவை கடையில் கிடைப்பவை அல்ல. என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்பது ஒன்று. அதற்கு 2027 ஜனவரி 12 வரை திருத்தங்கள் உண்டு. ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்பது மற்றொன்று. மருத்துவக் கருவி, பணம் வழங்கும் இயந்திரம் போன்றவற்றுக்குள் ஓடுவதற்காக விற்கப்படுவது. அதற்கு 2032 ஜனவரி 13 வரை திருத்தங்கள் வரும். மூன்றுக்கும் அடிப்படை நிரல் ஒன்றுதான். வீட்டிலிருப்பதற்கு ஆயுள் முடிந்துவிட்டது, மருத்துவமனைக் கருவிக்குள் இருப்பதற்கு 2032 வரை இருக்கிறது.

விண்டோஸா, மேக்கா, லினக்ஸா, எது சிறந்தது என்று என்னிடம் கேட்கிறார்கள். வசதிகளின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் இது உண்டு, அதில் அது இல்லை என்று ஒப்பிடுகிறார்கள். அந்தப் பட்டியலை நம்பி முடிவெடுக்காதீர்கள் என்று சொல்வதற்காகவே இன்று வந்திருக்கிறேன். என் கணினி என்ன செய்யலாம், எத்தனை ஆண்டு செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இயங்குதளங்களுக்கு நடுவே நிலைத்து நிற்கிற வேறுபாடு அதுதான்.

வசதிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரே திரையில் பல மேசைத்தளங்களை வைத்துக்கொள்வது யூனிக்ஸ், லினக்ஸ் பயனர்களுக்குத் தொண்ணூறுகளிலேயே சாதாரணம். மேக்கில் அது 2007இல் லெப்பர்ட் பதிப்போடு வந்தது. விண்டோஸில் 2015இல், விண்டோஸ் 10 வெளியானபோதுதான் உள்ளேயே அமைந்தது. சாளரத்தைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் பொருந்தி நிற்கும் வசதியை விண்டோஸ் 7, 2009இல் தந்தது. அதே இழுப்பு மேக்கில் 2024இல்தான் இயல்பாக வந்து சேர்ந்தது. கோப்பு மேலாளரில் பல தாவல்களைத் திறப்பது லினக்ஸில் பழைய வசதி. மேக்குக்கு 2013, விண்டோஸுக்கு 2022. ஒருவரிடம் இருப்பது இன்னொருவரிடம் ஐந்தாண்டிலோ பதினைந்தாண்டிலோ வந்துவிடும்.

தமிழுக்கு நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோதுதான் யூனிகோடு தமிழ் விண்டோஸுக்குள் முறையாக நுழைந்தது. மேக்கில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் உள்ளேயே சேர்ந்து வந்தன. லினக்ஸில் தன்னார்வலர்கள் கேடிஇ, குனோம் திரைகளையே தமிழாக்கினார்கள். இவர்களில் பலர் இலங்கையிலும் மலேசியாவிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் இருந்தபடி, சம்பளமில்லாமல் இரவுகளில் உட்கார்ந்து செய்தவர்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. 1999 சென்னை மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைப்பலகை, விண்டோஸுக்குள் தானாகவே வந்தது 2019இல். இருபது ஆண்டு பிந்தினாலும் வந்துவிட்டது. இன்று மூன்றிலும் தமிழ் எழுதலாம், படிக்கலாம், தேடலாம். வசதியை மட்டும் பார்த்தால் ஒப்பீடு அங்கேயே முடிந்துவிடும்.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைக் காட்ட, எடிஷன் விஷயத்தில் 1996இல் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இந்தத் துறையில் இருப்பவர்களிலேயே இளையவர்கள் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டு விண்டோஸ் என்டி 4.0 வெளிவந்தது. அதில் இரண்டு எடிஷன்கள்: வொர்க்ஸ்டேஷன், சர்வர். இணையம் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. விலை குறைந்த வொர்க்ஸ்டேஷனை வாங்கி, அதிலேயே இணையதளம் நடத்தலாம் என்று பலர் கண்டுகொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் அதை விரும்பவில்லை. சோதனைப் பதிப்பிலேயே ஒரு தடையை வைத்தது: பத்து நிமிடத்துக்குள் பத்துக்கு மேற்பட்ட முகவரிகளிலிருந்து வொர்க்ஸ்டேஷனைத் தொடர்புகொள்ள முடியாது. கணினி நூல்களை வெளியிடும் டிம் ஓரைலியின் நிறுவனம், வொர்க்ஸ்டேஷனில் ஓடக்கூடிய இணையச் சேவை மென்பொருள் ஒன்றை விற்றுவந்தது. அவர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தார். மென்பொருளிலிருந்த தடை நீங்கியது. ஆனால் அதே கட்டுப்பாடு உரிம ஒப்பந்தத்தின் வாசகத்தில் தொடர்ந்தது.

இரண்டும் வெவ்வேறு வேலைக்காக உருவாக்கப்பட்ட வெவ்வேறு பொருள்கள் என்பதுதான் மைக்ரோசாஃப்டின் வாதம். அது உண்மையா என்று மென்பொருள் வல்லுநர்களான ஆண்ட்ரூ ஷுல்மனும் மார்க் ருசினோவிச்சும் நிரலுக்குள் இறங்கிப் பார்த்தார்கள். இயங்குதளத்தின் மையமான கர்னல் கோப்பு இரண்டிலும் ஒன்றே என்று தெரிந்தது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரிஜிஸ்ட்ரியில் இருக்கும் இரண்டே இரண்டு குறிப்புகளைக் கணினி எழும்போது கர்னல் படிக்கிறது. 'நான் சர்வர்' என்று அங்கே இருந்தால் சர்வராக நடந்துகொள்கிறது, 'நான் வொர்க்ஸ்டேஷன்' என்று இருந்தால் வொர்க்ஸ்டேஷனாக நடந்துகொள்கிறது. அந்தக் குறிப்புகளை யாராவது மாற்றுகிறார்களா என்று கண்காணிக்கத் தனி இழைகளே கர்னலுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. சர்வர் குறுந்தகட்டில் கூடுதல் நிரல்கள் இருந்தன என்பதும் உண்மை, அவற்றுக்கு விலை வைப்பதில் தவறில்லை. ஆனால் அடிப்படை இயங்குதளம் வேறு என்ற பேச்சு அங்கே உடைந்துபோனது. இதை வெளிக்கொணர்ந்த ருசினோவிச்சின் நிறுவனத்தைப் பத்தாண்டு கழித்து, 2006இல், மைக்ரோசாஃப்டே வாங்கியது. இன்று மைக்ரோசாஃப்டின் மேகக் கணிமைப் பிரிவான அஷூருக்குத் தொழில்நுட்பத் தலைவர் அவர்.

எடிஷன் என்ற வணிகத்தின் உள்ளமைப்பு இதுதான். வீட்டை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு, இரண்டு அறைகளைப் பூட்டி வைத்து, சாவிக்குத் தனியாக வாடகை கேட்பது. கட்டுமானச் செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. விண்டோஸ் 7 காலத்தில் எனிடைம் அப்கிரேட் என்றொரு ஏற்பாடு இருந்தது. பணம் கட்டி ஓர் எண்ணை உள்ளிட்டால், குறுந்தகடு எதுவும் இல்லாமல், சில நிமிடங்களில் ஹோம் பிரீமியம் அல்டிமேட் ஆகிவிடும். அல்டிமேட்டுக்கு வேண்டியதெல்லாம் முன்பே வன்தட்டில் இருந்தது.

பூட்டு மிகவும் இறுக்கமாக விழுந்தது வளரும் நாடுகளில். விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் எடிஷன் 2004இல் தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவில் தொடங்கி, பிறகு இந்தி மொழியில் இந்தியாவுக்கும் வந்தது. முதல்முறை கணினி வாங்கும் குடும்பங்களுக்கானது என்றார்கள். ஒரே நேரத்தில் மூன்று நிரல்களுக்கு மேல் திறக்காது. திரையின் நுணுக்கம் 800க்கு 600 புள்ளிகளைத் தாண்டாது. வீட்டில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. இவற்றையெல்லாம் செய்யும் திறன் அந்தக் கணினியின் வன்பொருளுக்கு இருந்தது. அந்தத் திறனைத் தடுப்பதற்காகவே பொறியாளர்கள் கூடுதலாக நிரல் எழுதினார்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்கும் அதே மூன்று நிரல் வரம்பைத்தான் முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் வெளியீட்டுக்கு முன்பே கைவிட்டார்கள். ஆனால் மேசைத்தளத்தின் பின்னணிப் படத்தை மாற்ற முடியாது என்ற தடை இருந்தது. தன் குழந்தையின் படத்தைத் திரையில் வைக்கத் தடை. இதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் கிடையாது. இல்லாதவருக்கு விற்பதை வேண்டுமென்றே குறைத்து விற்பதில் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

விலை வேறுபாட்டை முழுக்கக் குற்றம் சொல்ல வரவில்லை. எல்லோருக்கும் ஒரே விலை என்றால் மாணவரும் பெருநிறுவனமும் ஒரே தொகை கட்ட வேண்டியிருக்கும். அலுவலக வலையமைப்பில் நூறு கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வசதி, மெய்நிகர் கணினி ஓட்டும் ஹைப்பர்-வி, இவையெல்லாம் ப்ரோவிலும் அதற்கு மேற்பட்ட எடிஷன்களிலும் மட்டும் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் வன்தட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர்? விண்டோஸ் விஸ்டா காலத்தில் அது அல்டிமேட்டிலும் என்டர்பிரைஸிலும் மட்டும் இருந்தது, இன்று ப்ரோவுக்கு இறங்கியிருக்கிறது. ஹோம் எடிஷனில் சுருக்கமான ஒரு வடிவம் உண்டு. அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால்தான் முழுமையாக வேலை செய்கிறது, மீட்புச் சாவியும் அந்தக் கணக்கில் போய் அமர்கிறது. மடிக்கணினி திருடுபோனால் உள்ளிருக்கும் குடும்பப் படங்களும் வங்கி விவரங்களும் அந்நியர் கண்ணில் படாமலிருப்பது எல்லா மனிதருக்கும் உரிய பாதுகாப்பு. அதை எடிஷனுக்குத் தக்கபடி பிரிப்பது தவறு.

ஐரோப்பாவில் ஓர் எடிஷன் தீர்ப்பினாலேயே பிறந்தது. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, மீடியா பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எக்ஸ்பி 'என்' (N) எடிஷன் வந்தது. அதே விலைக்கு ஒரு நிரல் குறைவாக இருப்பதை யார் வாங்குவார்கள்? கணினித் தயாரிப்பாளர்கள் சீந்தவில்லை. வடிவத்தை மாற்றச் சொல்லி, விலையைப் பற்றிப் பேசாமல் விட்டதன் விளைவு அது.

ஆப்பிள் எடிஷன் விளையாட்டுக்குள் வரவில்லை. 2007 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, லெப்பர்டுக்கும் பேசிக், பிரீமியம், பிசினஸ், என்டர்பிரைஸ், அல்டிமேட் எல்லாம் உண்டு என்று வரிசையாகக் காட்டி, அத்தனைக்கும் 129 டாலர் என்று போட்டார். பல எடிஷன்களில் விற்ற விஸ்டாவைப் பற்றிய கிண்டல் என்பது அரங்குக்கு உடனே புரிந்தது. 2013இல் மேவரிக்ஸ் பதிப்பு வந்தபோது அந்த 129ஐயும் எடுத்துவிட்டார்கள். குறியாக்கம் உட்பட எல்லாம் எல்லோருக்கும் கிடைத்தது. பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆனால் ஆப்பிளின் பூட்டு வன்பொருளில் இருக்கிறது. 1995இல் பிற நிறுவனங்கள் மேக் ஓஎஸ் கணினிகளைச் செய்ய உரிமம் தந்தார்கள், ஜாப்ஸ் திரும்பி வந்ததும் 1997இல் அதை முடித்துவைத்தார். அன்றிலிருந்து ஆப்பிள் செய்த இயந்திரத்தில் மட்டுமே இந்த இயங்குதளத்தை ஓட்ட உரிமை. அதன் ஆயுளை நிர்ணயிப்பதும் ஆப்பிளே. பவர்பிசி செயலி கொண்ட பவர் மேக் ஜி5 2006 வரை விற்பனையில் இருந்தது, 2009இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் அதில் ஓடாது. இன்டெல் செயலி கொண்ட மேக் ப்ரோ 2023 ஜூன் வரை விற்றது. 2025இல் வெளிவந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்துவிட்டார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குப் பின்னும் சில காலம் வரும், புதிய பதிப்பு வராது. விண்டோஸில் எடிஷனுக்குக் கொடுக்கும் பணத்தை மேக்கில் இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம் என்று சொன்னால் தவறாகாது.

லினக்ஸுக்கு வருவோம். 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் அறிவித்த கர்னலும், ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் தொடங்கிய குனூ திட்டத்தின் கருவிகளும் சேர்ந்தது இது. மூல நிரல் திறந்திருப்பதால் யாரும் ஓர் அறையைப் பூட்டி வாடகை கேட்க முடியாது. கேட்டால் அடுத்தவர் அதே நிரலை எடுத்துப் பூட்டில்லாமல் தருவார். எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் லினக்ஸில் வணிகமே இல்லை, தேதியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

2020 டிசம்பர் 8 அன்று ரெட்ஹாட் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ரெட்ஹாட்டின் கட்டண லினக்ஸை அப்படியே பின்தொடர்ந்து இலவசமாக வந்துகொண்டிருந்தது சென்ட்ஓஎஸ். அதன் எட்டாம் பதிப்பு 2029 வரை ஓடும் என்று நம்பி உலகமெங்கும் சர்வர்களில் நிறுவியிருந்தார்கள். அது 2021 கடைசியோடு முடியும் என்றது அறிவிப்பு. எட்டாண்டு நம்பிக்கை ஒரே நாளில் கரைந்தது. ஆனால் அடுத்து நடந்தது விண்டோஸ் உலகில் நடக்கவே முடியாத ஒன்று. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரிகரி கர்ட்சர், தம்மோடு உழைத்து மறைந்த ராக்கி மெக்காவின் நினைவாக ராக்கி லினக்ஸ் என்ற திட்டத்தை உடனே அறிவித்தார். இன்னொரு பக்கம் அல்மா லினக்ஸ் எழுந்தது. 2021க்குள் இரண்டும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. முடிவுத் தேதியை நிறுவனம் அறிவித்தது, பயனர்கள் அதை ஏற்க வேண்டியிருக்கவில்லை.

உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பிலும் இன்று இரண்டு நிலை உண்டு. நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டு, உபுண்டு ப்ரோவில் பதிவு செய்தால் பத்தாண்டு. தனிநபர் என்றால் ஐந்து கணினிவரை கட்டணமில்லை. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் கட்டணப் பேச்சே கிடையாது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது முதல் தன்னார்வலர்கள் கையில்தான் இருக்கிறது. அதுவும்கூட 2025 ஆகஸ்டில் வந்த பதின்மூன்றாம் பதிப்பில், பழைய 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்தியது. பராமரிக்க ஆள் வேண்டுமே.

நம் ஊரில் இந்த ஒப்பீடு நேர்மையாக நடக்கவே இல்லை என்பது என் கருத்து. அசெம்பிள் செய்த கணினி வாங்கியவர் வீட்டில் பெரும்பாலும் காசு கொடுக்காத அல்டிமேட் எடிஷன்தான் இருந்தது. எந்த வேலியும் நமக்குத் தெரியவில்லை, எனவே வேலியில்லாத லினக்ஸின் அருமையும் தெரியவில்லை. தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில், விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. கணினி எழும்போது எது வேண்டும் என்று கேட்கும். அதைத் திறந்து காட்டிச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடங்களில் மாணவர்கள் தெரிந்ததையே தேர்ந்தெடுத்தார்கள். கேரளம் வேறு வழியில் போனது. ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாகப் பள்ளிப் பாடத்தையே கட்டற்ற மென்பொருளில் அமைத்து, ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தந்தது. இயங்குதளத்தை நிறுவுவது சில நிமிட வேலை, ஆசிரியரைத் தயார்செய்வதுதான் உண்மையான முதலீடு.

இன்னொரு தடை இயங்குதளத்துக்கு வெளியே இருக்கிறது. கணக்கர் டாலி என்ற கணக்கு மென்பொருளை விட முடியாது, டாலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. நம் டிடிபி மையங்களில் அடோபி எப்போதோ கைவிட்ட பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும் இன்னும் ஓடுகின்றன. திருமண அழைப்பிதழிலிருந்து சிறுபத்திரிகை வரை அந்தக் கோப்புகளில்தான் கிடக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றாதவரை, அந்த மையம் எந்த இயங்குதளத்தையும் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை. கோப்பு எந்த வடிவில் இருக்கிறதோ அதுவே அவர்களுக்கு எஜமான்.

இப்போது உங்கள் வீட்டு விண்டோஸ் 10 கணினி. நீட்டித்த திருத்தங்களை நிறுவனங்கள் மூன்றாண்டுவரை வாங்கலாம். கருவி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஒவ்வோராண்டும் இரட்டிப்பு. தனிநபருக்கு முதலில் அறிவித்தது ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை. முப்பது டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து கணினியின் அமைப்புகளை அந்நிறுவனத்தின் மேகச் சேமிப்பில் வைத்தால் கட்டணமில்லை. ஐரோப்பியப் பொருளாதார மண்டலத்தில் யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு வற்புறுத்தியபின், அங்கே அந்தச் சேமிப்பு நிபந்தனை நீங்கியது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது. இங்கிருந்தும் நுகர்வோர் அமைப்புகள் கேட்க வேண்டும். கேட்கத் தயாராக இருக்கும் நண்பர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்தியுங்கள், மனுவைச் சேர்ந்தே எழுதுவோம்.

அந்த அவகாசத்துக்குள் வேறு வழியைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள், முதலில் கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுங்கள். பிறகு ஒரு பென் டிரைவில் உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை எழுப்புங்கள். வைஃபை கிடைக்கிறதா, ஒலி கேட்கிறதா, உங்கள் பிரிண்டர் அச்சடிக்கிறதா, தமிழ்99இல் தட்டச்சு வருகிறதா என்று பாருங்கள். இந்த நான்கும் சரியாக இருந்தால் நிறுவலாம். பிரிண்டர் மட்டும் மக்கர் செய்தால் அதன் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள், என்ன செய்யலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.